தட்டிப் பார்க்கிற வேலைக்கு ரேட் கிடையாது

2017 அக்டோபரில் முதல் நல்ல மழை பெய்த அன்று சாயங்காலம் வாட்ச்மேன் போன் செய்தார். "சார், மாடி ஹால் பூரா ஈசல் சார். லைட்டே போட முடியல." மழை பெய்தால் ஈசல் வரத்தான் செய்யும், ஜன்னலைச் சாத்திவிட்டுப் போங்கள் என்று சொல்லி போனை வைக்கப் போனேன். "ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் சார் கிடக்கு. இது உள்ளேருந்து வருது" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். மழைக்காலத்தில் புற்றுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்து, துணி விரித்து, ஈசல் பிடித்திருக்கிறோம். பாட்டி அதை வறுத்துப் பொரியோடு கலந்து தருவாள். கரையானுக்கு இறக்கை முளைத்தால் ஈசல், அவ்வளவுதான். அது கிளம்புகிற ஓட்டைக்குப் பின்னால் ஒரு முழுக் குடித்தனம் இருக்கிறது. புதிதாக வந்த கரையான் கூட்டம் உடனே ஈசல் விடாது, சில வருடமாவது தின்று பெருத்த பிறகுதான் விடும். அப்படியானால் எங்கள் மாடிச் சுவருக்குள் எத்தனை வருடமாக?

கட்டடம் புதுச்சேரி ஒயிட் டவுனில், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கட்டியது. அரசுக்குச் சொந்தம். கீழே பொதுமக்கள் வந்து பார்க்கிற கூடம், மேலே ஹாலும் அலுவலகமும், பின்கட்டில் பழைய கோப்புகள் வைத்த அறை, முற்றத்தில் ஒரு கிணறு. கட்டடங்களைப் பராமரிக்கிற பிரிவில் இளநிலைப் பொறியாளராக இருந்த என்னிடம் அது 2016இல் வந்தது. மனதைக் கொடுத்துப் பார்த்துக்கொண்ட கட்டடம் அது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்ததைப் பார்த்தவன் நான். அத்தனை வருடம் நின்ற சுவர் ஒரே நாளில் மண்மேடானது. அதன் பிறகு எந்தப் பழைய கட்டடத்துக்குள் போனாலும் முதலில் மேலே பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

மறுநாள் காலை கோப்பை எடுத்தேன். கரையான் தடுப்பு ஒப்பந்தம் நடப்பில்தான் இருந்தது. 2013இல் போட்டது, ஐந்து வருட கேரண்டி. ஒப்பந்தப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், எல்-1க்கு, அதாவது குறைந்த விலை கேட்டவருக்கு, வேலை உத்தரவு, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் அளவு, பில் பாஸ். ஒரு கையெழுத்துகூடக் குறையவில்லை. அந்தக் கோப்பில் தப்பு என்று எதையும் காட்ட முடியாது. ஈசல் மட்டும் வந்துவிட்டது.

கட்டி முடித்த கட்டடத்துக்குக் கரையான் மருந்து வைப்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது. ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. சுவரும் தரையும் சேருகிற இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு துளை, துளை 12 மில்லிமீட்டர், மருந்துக் கரைசலை அதற்குள் செலுத்தி அடைக்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி மண்ணுக்கு மருந்து. குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி., அதாவது தண்ணீரில் கலக்குகிற 20 சதவீத அடர்மருந்து என்றால் ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு தண்ணீர். கிணறு, ஊற்று பக்கத்தில் இருந்தால் மருந்து அதில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல தரம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து எடுத்து எஸ்டிமேட் போடும்போது என்ன ஆகிறது? சுவருக்கு இத்தனை மீட்டர், தரைக்கு இத்தனை சதுர மீட்டர், மரத்துக்கு இத்தனை மீட்டர். அளக்க முடிந்தது மட்டும் பட்டியலில் ஏறுகிறது. துளை போட்டதை அளக்கலாம், மருந்து ஊற்றியதை அளக்கலாம். கரையான் எங்கே இருக்கிறது என்று தேடியதை எந்த டேப்பால் அளப்பது?

2013இல் வந்தவர்கள் அளவுப்படி வேலை செய்திருந்தார்கள். அதற்கு அத்தாட்சி கீழ்க்கூடத்துத் தரையில் இருக்கிறது. பூப்போட்ட பழைய தளக்கற்கள், இன்றைக்கு அந்த அச்சில் கிடைக்காதவை. அவற்றின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். பதினேழு கற்கள் விரிசல் விட்டிருந்தன. மேலே வெள்ளைச் சிமெண்ட் பூசி மூடியிருந்தது. நான் குனிந்து ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினேன். ஒரு முழம் தள்ளி மண்தரை இருந்தது, அங்கே போட்டிருக்கலாம். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எழுதவில்லை.

சரி, அந்த நிறுவனத்தையே கூப்பிட்டோம். கேரண்டி இருக்கிறதே. ஒரு பையன் ஸ்பிரேயரோடு வந்து ஹாலில் நான்கு மூலையிலும் அடித்துவிட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். வாடை மூன்று நாள் இருந்தது. அவன் மேலே ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாளைக்கு அவனுக்கு எட்டு இடம்.

தனிப்பட்ட முறையில் ஆலோசனை கேட்க நண்பர் ஒருவர் மூலம் கடலூரிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தேன். முதுநகர்க்காரர், அறுபதை நெருங்குகிறவர், ஒரு சிறிய பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் மேஸ்திரி. அப்பா துறைமுகத்துப் பக்கம் மரப்படகு கட்டுகிறவராம். படகு மரத்துக்கு முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய் பூசுகிற வேலையில் சின்ன வயதிலேயே கையைப் பொசுக்கிக்கொண்டதாகச் சொல்லித் தழும்பைக் காட்டினார். பண்ருட்டிப் பக்கத்தில் வாசல் நிலைக்கும் அந்த எண்ணெயைப் பூசுவார்கள். தோலில் பட்டால் வெந்துவிடும்.

அவர் கொண்டுவந்தது ஒரு டார்ச், ஒரு நீள ஸ்குரூடிரைவர், ஒரு பென்சில். மருந்து எதுவும் இல்லை. ஏணி கேட்டார்.

பழைய புதுச்சேரி வீடுகளின் மேல்தளம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுவருக்குச் சுவர் பெரிய உத்தரம். அதன்மேல் குறுக்கே நெருக்கமாகச் சட்டங்கள். சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்பு வைத்து அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கி, தட்டை ஓடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது இதுதான். இதில் கம்பி கிடையாது. முழுப் பாரமும் மரத்தின் மேல். அந்த மரத்தின் இரண்டு முனைகளும் சுவருக்குள் புதைந்திருக்கின்றன, யார் கண்ணுக்கும் படாமல்.

பெரியவர் கீழ்க்கூடத்தில் ஏணியில் ஏறி, மாடி ஹாலைத் தாங்குகிற உத்தரத்தின் நடுவிலிருந்து ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்ட ஆரம்பித்தார். டொக், டொக், டொக். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு, கண்ணை மூடிக்கொண்டு. சுவரை நெருங்க நெருங்கச் சத்தம் மாறியது எனக்குக்கூடத் தெரிந்தது. சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது, பொத் என்றது. "சார், மேல வாங்க. கட்டை விரல வச்சு அமுக்குங்க" என்றார். பெயிண்ட் பளபளவென்றுதான் இருந்தது. அமுக்கினேன். அப்பளத்தை அமுக்குகிற மாதிரி நொறுங்கி விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே மரமே இல்லை. மண்ணும் அடுக்கடுக்கான தாள் போன்ற நார்களும்தான். ஈரமாக இருந்தது. விரலில் இரண்டு மூன்று வெள்ளைப் பூச்சி ஊர்ந்தது.

கூடத்தில் அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் அறுபது பேர் வந்திருந்தார்கள். அந்த உத்தரத்துக்குக் கீழேதான் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஏணியிலிருந்து இறங்கி, கையைக்கூடத் துடைக்காமல், முதல் வேலையாகக் கூடத்தைப் பூட்டினேன். அன்று சாயங்காலத்துக்குள் சவுக்குக் கட்டை முட்டுக்கொடுத்தோம்.

அப்புறம் பெரியவர் கேட்ட கேள்விதான் என் வேலையையே மாற்றியது. "இது தேக்கு இல்லியே சார். நடுவுல எப்பவோ மாத்துன கட்டை. அது போகட்டும். இதுக்கு ஈரம் எங்கேருந்து வருது?"

மண்ணிலிருந்து வருகிற கரையானுக்கு மரத்தைவிட முக்கியம் ஈரம். உடம்பு மெல்லியது, காய்ந்த காற்றில் செத்துப்போகும். அதனால்தான் மண்ணைக் குழைத்துக் குழாய் மாதிரி வழி கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நடக்கிறது. மாடி வரை ஏறி வந்து தங்கியிருக்கிறது என்றால் மாடியிலும் அதற்குத் தண்ணீர் கிடைக்கிறது. வெளியே போய்ப் பார்த்தோம். மொட்டைமாடித் தண்ணீரை இறக்குகிற குழாய் சரியாக அந்த உத்தரத்து முனைக்கு வெளியே விரிசல் விட்டிருந்தது. அந்த இடத்துச் சுண்ணாம்புப் பூச்சை என்றைக்கோ கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்பு என்றால் சுவர் குடித்த தண்ணீரைத் திரும்ப வெளியே விட்டுவிடும். சிமெண்ட் போட்டால் உள்ளே போன ஈரம் உள்ளேயே நிற்கும். கரையானுக்கு நாமே பந்தி போட்டு, தண்ணீரும் வைத்திருக்கிறோம்.

கீழே இன்னொன்று இருந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூரிலும் புதுச்சேரியிலும் அந்த நாளை மறந்தவர்கள் இருக்க முடியாது. அன்றைக்கு எங்கள் கட்டடத்துப் பின்வாசல் மயில்கொன்றை சாய்ந்தது. மரத்தை அறுத்து எடுத்துப்போனார்கள், அடித்தூரை அப்படியே விட்டு மேலே மண் தள்ளி, செங்கல் பாவிவிட்டார்கள். பெரியவர் நான்கு செங்கல்லைப் பெயர்த்தார். தூர் முழுக்கச் செல்லரித்து, அங்கிருந்து வேரோடு வேராக அஸ்திவாரம் வரை மண்வழி. 2013இல் சுவரோரம் மருந்து வைத்தவர்கள் இந்தத் தூரின் மேல் நின்றுதான் துளை போட்டிருப்பார்கள். அது அளவுப் பட்டியலில் இல்லை.

ஒரு உத்தரம் மாற்றுவதற்கு ஆன செலவையும், தூரைத் தோண்டி எடுத்துக் குழாயை மாற்றுவதற்கு ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வயிறு எரிந்தது.

அடுத்த ஒப்பந்தப்புள்ளியை 2018இல் நானே எழுதினேன். இந்த இடத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறைகளில் எது கெட்டுப்போனாலும் எல்-1 முறையின் மேல் பழி போடுவார்கள். குறைந்த விலைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும், நாங்கள் என்ன செய்வது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொது நிதி விதிகள் 2017, தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டாகப் பிரித்துக் கேட்க இடம் தருகிறது. தகுதி என்னவென்று முதல் உறையில் கேட்டுவிட்டு, தேறியவர்களில் குறைந்த விலையை எடுக்கலாம். என்ன வாங்குகிறோம் என்பதை நாம்தான் எழுதுகிறோம். மருந்தை வாங்குகிறோம் என்று எழுதினால் மலிவான மருந்து வரும். நூற்றுக்கு நூறு நம் பேனாவில் இருக்கிற விஷயம் அது.

நான் வாங்க நினைத்தது பெரியவரின் அந்தத் தட்டலை. கணக்குப் பிரிவில் கேட்டார்கள், "ஆய்வுன்னா என்ன சார் யூனிட்? சதுர மீட்டரா?" நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்து, யூனிட் 'வருகை' என்று போட்டேன். மாதம் ஒரு வருகை, அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதம் இரண்டு. ஒவ்வொரு வருகைக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம்: எல்லா உத்தர முனைகளையும் தட்டியாயிற்றா, எந்த எண்ணுள்ள முனையில் சத்தம் மாறுகிறது, சுவரில் ஈரம் எங்கே, மண்வழி எங்கே, குழாய், கூரை, கிணற்றடி நிலை என்ன. பக்கம் நிரம்பி, கட்டடத்தின் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வருகைக்குப் பணம். மருந்து தனி இனம், தேவை என்று பதிவேட்டில் எழுதி நான் ஒப்புதல் தந்தால் மட்டும். பழைய தளக்கல்லில் துளை போடக் கூடாது, இணைப்புக் காரையில்தான் போட வேண்டும். கிணற்றைச் சுற்றி மருந்து கூடாது. மருந்து டப்பாக்கள் சீல் உடைக்காமல் வர வேண்டும், எங்கள் முன்னால்தான் கலக்க வேண்டும், காலி டப்பாவை எண்ணிய பிறகுதான் வெளியே கொண்டுபோக வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை புதிதல்ல. விவரக்குறிப்பில் எப்போதும் இருப்பதுதான், யாரும் எண்ணுவதில்லை. ஒன்றுக்குப் பத்தொன்பது என்பது ஒன்றுக்கு நாற்பது ஆவது அங்கேதான்.

உரிமத்தையும் கேட்டேன். 1968ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி, வணிகமாகப் பூச்சிக் கட்டுப்பாடு செய்கிறவருக்கு உரிமம் வேண்டும். அதற்கு வேளாண்மையோ வேதியியலோ படித்த பட்டதாரி ஒருவர், மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம் போன்ற குறிப்பிட்ட நிறுவனங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சி எடுத்தவராக இருக்க வேண்டும். விலைப்புள்ளி கொடுத்த ஐந்து பேரில் இருவரிடம்தான் அது நடப்பில் இருந்தது. அதுவரை நாங்கள் கேட்டதே இல்லை.

பூச்சி எது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். இது ரொம்ப அவசியம். மண் ஒட்டியிருந்தால் நிலத்துக் கரையான். கசகசா மாதிரிச் சின்னச் சின்ன மணி கொட்டிக் கிடந்தால் உலர்மரக் கரையான், அதற்கு மண்ணே வேண்டாம், மரத்துக்குள்ளேயே பிறந்து வளரும். மாவு மாதிரி நைசாகக் கொட்டினால் அது கரையானே இல்லை, உளு. எங்கள் கட்டடத்தின் பழைய அலமாரிகள் மூன்று உளுத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்றுகிறோம் என்று ஐந்து வருடமாகத் தரைக்கு மருந்து வைத்திருக்கிறோம். ஒரு பயனும் கிடையாது.

கோப்பு அறை விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. பழைய ஒப்பந்தத்தின் நகலை வைத்து யாரோ தயாரித்த வரைவில், அங்கே காகிதம் தின்கிற இராமபாணப் பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துப் புகைமூட்ட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. நெல் மூட்டைக்கு வைக்கிற மாத்திரை. அதிலிருந்து வருகிற பாஸ்பீன் வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. அனுமதி பெற்றவர்கள், நிபுணர் மேற்பார்வையில் மட்டும் கையாள வேண்டிய பொருள். கோப்பு அறைக்கும் வாட்ச்மேன் படுக்கிற அறைக்கும் நடுவில் இருப்பது பலகை அடித்து மூடிய ஒரு கதவு. நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலதிகாரியின் அறைக்கு நேரில் போய் ஏன் அடித்தேன் என்று சொன்னேன்.

அதற்குப் பதிலாகச் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ரேக்குகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம், எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம், பசை அட்டை வைத்து எங்கே எத்தனை விழுகிறது என்று எண்ணினோம். பூச்சி பிடித்த கட்டுகளைக் காற்றுப் புகாத பையில் கட்டி, ஒரு பெட்டி ஃப்ரீசர் வாங்கி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து எடுத்தோம். ஆவணக் காப்பகங்களில் செய்கிற முறைதான், காகிதத்தில் ஒரு சொட்டு மருந்து படாது. இதே ஊரில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. ஓலை நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் இத்தனை காலம் தாங்கியது எதனால்? யாரோ எடுத்துப் பிரித்தார்கள், துடைத்தார்கள், எண்ணெய் தடவித் திரும்பக் கட்டினார்கள். சரஸ்வதி பூஜைக்கு ஏடுகளை எடுத்து அடுக்குவதும் மழைக்கு முன்னால்தானே வருகிறது.

  

புது ஒப்பந்தத்தில் முதல் வருடம் மருந்துக்கு ஆன செலவு பழையதில் பாதிகூட இல்லை. வருகைக்கு ஆன செலவு அதைவிட அதிகம். தணிக்கையில் கேள்வி வந்தது: மருந்தே அடிக்காத மாதத்துக்கு ஏன் பணம்? பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். 9ஆம் எண் முனையில் சத்தம் மாறுகிறது, மேலே ஓடு விரிசல் விட்டிருக்கிறது என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில் ஓடு மாற்றியாயிற்று, சத்தம் சரி என்று இருந்தது. தணிக்கைக்கு வந்த அம்மா இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மாதிரி நான் பார்த்ததில்ல சார்" என்றார். ஆட்சேபணையை எடுத்துவிட்டார்.

உங்களில் யாராவது இந்த மாதிரி ஒரு கட்டடத்தைக் கையில் வைத்திருந்தால், டெண்டர் போடுவதற்கு முன்னால், நல்ல மழை விட்ட மறுநாள் காலையில், ஒரு டார்ச்சோடு தனியாக ஒரு சுற்று வாருங்கள். வெயில் காலத்தில் எஸ்டிமேட் எடுக்காதீர்கள், சுவர் அப்போது எதையும் காட்டாது.

நான் 2022இல் ஓய்வு பெற்றேன். போன மழைக்காலத்தில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான். கூடத்தின் வடக்குச் சுவரில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், ஒரு பழைய மண்வழியின் தடம் இருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டுப் பெரியவர் பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டிருந்தார். மறுபடி கட்டினால் உயிர் இருக்கிறது, கட்டாவிட்டால் இல்லை, அதற்கான அடையாளம். அந்தத் தேதிக்குக் கீழே இன்னும் பல தேதிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டிக். கையெழுத்து எனக்குத் தெரியாத கையெழுத்து. கடைசித் தேதிக்கு ஆறு நாள்தான் ஆகியிருந்தது.